ஆமைப் பதிப்பின் நான்காவது ஆள்

குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலைத் தாண்டி எங்கும் புழங்கியதில்லை. எல்லோருக்கும் அவர் பிங் சார். ஒரு கணினி இன்னொரு கணினியைப் பார்த்து "இருக்கிறாயா?" என்று கேட்பதற்குப் பிங் என்று பெயர். அந்தப் பக்கத்திலிருந்து "இருக்கிறேன்" என்று பதில் வந்தால் கவலை இல்லை. வராவிட்டால் மின்சாரம் போயிருக்கும், கம்பி அறுந்திருக்கும், அல்லது யாராவது பெருக்கும்போது வயரையும் சேர்த்துப் பெருக்கியிருப்பார்கள். நகரத்தின் நாற்பத்தொரு பம்பு அறைகளையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இப்படிக் கேட்டுக்கொண்டிருக்க ஒரு மென்பொருள் இருந்தது. அது ஒழுங்காகக் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க பிங் சார் இருந்தார்.

அவருடைய அறை மாடிப்படிக்கு அடியில். உள்ளே போகும்போது குனிய வேண்டும், வெளியே வரும்போது அதைவிட அதிகமாகக் குனிய வேண்டும். இருபத்திரண்டு வருஷ வேலையில் நெற்றியின் இடது பக்கம் ஒரு தடிப்பு நிரந்தரமாகிவிட்டது. மேசைமேல் ஒரு திரை, அதில் நாற்பத்தொரு பச்சைப் புள்ளிகள். ஒன்று சிவப்பானால் பம்பு அறைக்குப் போன் போட வேண்டும். ஆகாதவரை அவருக்கு வேலை இல்லை என்று அலுவலகம் நினைத்தது. அப்படி நினைக்கட்டும் என்று அவரும் விட்டுவிட்டார்.

அந்த மென்பொருளை யாரும் விற்கவில்லை. வெவ்வேறு நாடுகளில் உட்கார்ந்திருக்கும் முப்பது நாற்பது பேர் சேர்ந்து, சொந்த நேரத்தில் எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் திருத்திக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்திருந்தார்கள். அந்த முப்பது நாற்பது பேரில் பிங் சாரும் ஒருவர். அது ஒன்றுதான் அவர் வாழ்க்கையில் விசேஷம். அலுவலகத்தில் அது யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் புரிந்திருக்காது.

ஒரே மென்பொருள்தான் என்றாலும் கணினியையே இயக்கும் இயங்குதளங்கள் எல்லாவற்றிலும் அது அப்படியே ஓடிவிடாது. கடையில் வாங்கிய சட்டையை அவரவர் உடம்புக்குப் பிடித்தும் தளர்த்தியும் தைப்பதுபோல, ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் ஒருவர் உட்கார்ந்து பொருத்த வேண்டும். பிங் சாருக்கு வாய்த்தது ஆமை. அதுவும் பட்டப்பெயர்தான். முப்பது வருஷத்துக்கு முந்தைய ஓர் இயங்குதளம், அதன் சின்னம் ஓர் ஆமை. மெதுவாக ஓடும், ஆனால் விழாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அலுவலகத்துக்கு வந்த இரண்டு கணினிகளில் அதுதான் இருந்தது. மென்பொருளை அதில் ஓடவைக்க மூன்று மாதம் மல்லுக்கட்டி, ஓடவைத்துவிட்டு, பெற்ற இன்பத்தை ஊருக்கும் கொடுப்போம் என்று பொதுவில் வைத்தார். திட்டக்காரர்கள் நன்றி சொல்லி அவரை ஆமைப் பதிப்பின் பராமரிப்பாளராக்கினார்கள். நன்றி சொல்லித் தலையில் கட்டுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தானே.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆமைக்குப் போனது. வீட்டிலும் ஒரு பழைய கணினியை வாங்கி ஆமையை ஏற்றிக்கொண்டார். சாப்பாட்டு மேசையின் பாதியை அது பிடித்துக்கொண்டதால் மகள் ஸ்டூலில் வைத்துத்தான் வீட்டுப்பாடம் எழுதினாள். இப்போது அவள் வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள், மேசை முழுவதும் ஆமைக்கே ஆகிவிட்டது. அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருபவர். நாள் முழுவதும் பல்வலிக்காரர்களிடம் பொறுமையாகப் பேசிவிட்டு வந்து, மிச்சம் இருக்கும் கொஞ்சம் பொறுமையில் இவரோடு குடித்தனம் நடத்தினார்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்பார், மேசையைத் துடைக்கும்போது.

"இது வேற ஆமை."

"எந்த ஆமையா இருந்தா என்ன? என் தட்டை வைக்க இடம் இல்ல."

பதினோராவது வருஷம் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து ஒரு மடல் வந்தது. அந்த அம்மாளை யாரும் நேரில் பார்த்ததில்லை. திட்டக்காரர்கள் எழுதிக்கொள்ளும் மடல் குழுவில் தன் முகத்துக்குப் பதிலாக ஒரு தொட்டிக் கள்ளிச்செடியின் படத்தை வைத்திருந்தார், அதனால் எல்லோருக்கும் அவர் கள்ளிச்செடி. பழகினால் முள் கிடையாது. கணக்கு என்று வந்தால் மட்டும் உண்டு.

மடலில் ஒரு புள்ளிவிவரப் பக்கத்துக்கு இணைப்பு இருந்தது. மென்பொருளைக் கணினியில் ஏற்றும்போது, "இன்ன இயங்குதளத்தில், இன்ன பதிப்பில் ஓடுகிறேன் என்று திட்டத்துக்கு ஒரு வரி அனுப்பலாமா?" என்று அது கேட்கும். சம்மதித்தவர்களின் கணக்கு அந்தப் பக்கத்தில் கூடும். மொத்தம் பதினெட்டாயிரத்துச் சொச்சம். லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் இரண்டு மூன்று வகைகள் முக்கால்வாசியைப் பிடித்திருந்தன. மற்றவை அவற்றின் கீழே இறங்கிக்கொண்டே போய், கடைசி வரியில், விரலால் தள்ளித் தள்ளிப் போனால்தான் தெரியும் இடத்தில், ஆமை இருந்தது. மூன்று.

"இருபத்தைந்துக்குக் கீழே இருக்கும் இயங்குதளங்களை இனிச் சுமக்க முடியாது" என்று கள்ளிச்செடி எழுதியிருந்தார். "இரண்டு மாதம் கழித்து வாக்கெடுப்பு. அதற்குள் உங்கள் எண் மாறினால் மகிழ்ச்சி."

பிங் சார் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். பயந்ததாகவே தெரியவில்லை. காரணம், ஆமையின் வாயைப் பூட்டி வைத்ததே அவர்தான்.

மற்ற பதிப்புகளெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்டன. அவருடைய ஆமைப் பதிப்பு கேட்கவில்லை, அனுப்பவும் இல்லை. முதல் வருஷமே அந்த இடத்தை அவர் அடைத்துவிட்டார். அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டி "யார் இருக்கீங்க, எத்தனை பேர் இருக்கீங்க?" என்று விசாரிப்பது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி. நாற்பத்தொரு பம்பு அறைகளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இருக்கிறாயா இருக்கிறாயா என்று பிடுங்கி எடுக்கும் மனிதருக்கு இந்த நாசூக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. ஆனால் வந்துவிட்டது, அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது. கணக்கில் இருந்த மூன்று, அவரே கையால் திறந்துவிட்ட மூன்று கணினிகள்: அலுவலகத்தில் இரண்டு, வீட்டில் ஒன்று.

மற்றவர்கள் இருந்தார்கள், கணக்கில்தான் இல்லை. அதற்கு அவரிடம் ஆதாரமும் உண்டு. புதுப் பதிப்பு வெளியிடும் ஒவ்வொரு முறையும் நானூறு பேர் இறக்கிக்கொண்டார்கள். கீழே நானூறு, மேலே நானூற்றுப் பதினைந்து, பதினோரு வருஷமாக அந்த எண் அசையவில்லை. குறை சொல்லி மடல் வந்து ஏழு வருஷம் ஆகிறது. கடைசியாக எழுதியவர் ஒரு கல்லூரி ஆய்வகக்காரர். அதற்குப்பிறகு ஒரு புகார்கூட இல்லை என்றால் பதிப்பு அவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? பிங் சார் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

"நானூறு பேர் இருக்காங்க. நான் பேசாதீங்கன்னு சொன்னேன், பேசாம இருக்காங்க. இப்ப பேசச் சொன்னா பேசுவாங்க" என்றார் மனைவியிடம், ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டின்போது.

மனைவி தட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "எங்க டாக்டரும் இப்படித்தான் சொல்வார்" என்றார். "அப்பாயிண்ட்மெண்ட் எடுத்துட்டு வராதவங்களைப் பத்தி. பயந்துக்கிட்டு வீட்டுல இருக்காங்க, வலி தாங்காம ஒருநாள் வருவாங்கம்பார். நான் போன் பண்ணிப் பார்த்தேனே. பாதிப்பேர் போன வருஷமே வேற டாக்டர்கிட்ட பல்லைப் பிடுங்கியாச்சு."

"பல்லும் இதுவும் ஒண்ணா?"

"எனக்கென்ன தெரியும்? நான் பல்லைத்தான் பார்த்திருக்கேன்."

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் புதுப் பதிப்பைத் தயார் செய்தார். அடைத்த இடத்தைத் திறந்துவிட்டார். வெளியீட்டுக் குறிப்பின் தலையில், பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, நேராகப் பேசினார்: "ஆமைப் பதிப்பைப் பயன்படுத்தும் நண்பர்களே, உங்களை எண்ணுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் எண்ணாவிட்டால் நீங்கள் இல்லை என்று முடிவு செய்துவிடுவார்கள். தயவுசெய்து ஆம் என்று அழுத்துங்கள்." எழுதி முடித்தபோது, கூச்சப்படுபவன் முதல்முறையாகக் கடன் கேட்டதுபோல இருந்தது.

வெளியிட்டார். மறுநாள் காலையில் பார்த்தபோது நானூற்றுப் பன்னிரண்டு பேர் இறக்கியிருந்தார்கள். புள்ளிவிவரத்தில் மூன்று.

இறக்கியவுடனே யார் ஏற்றுவார்கள்? ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிக்கொண்டார். ஒரு வாரம் கழித்து மூன்று. பெரிய அலுவலகங்களில் மேலிடத்து அனுமதி வாங்க வேண்டியிருக்கும், பாவம். இரண்டு வாரம் கழித்து மூன்று. மாதக் கடைசியில் யாரும் கணினியில் கைவைக்க மாட்டார்கள், அதுவும் நியாயம். கிணற்றில் போட்ட கல்லுக்கு அவர் தினமும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். பச்சைப் புள்ளிகள் இருந்த திரையின் ஓரத்தில் புள்ளிவிவரப் பக்கத்தையும் திறந்து வைத்துக்கொண்டார். அந்த மாதத்தில் ஒருநாள் பதினாறாம் எண் பம்பு அறை சிவப்பானது. அவர் கண் அடுத்த பக்கத்தில் இருந்ததால் நாற்பது நிமிடம் கழித்துத்தான் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை. பம்பு ஆபரேட்டர் போனில் "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். இவருக்கு வெட்கமாக இருந்தது.

முப்பத்துநான்காவது நாள் காலை அந்த வரியில் நான்கு என்று இருந்தது.

பிங் சார் எழுந்தார், நெற்றியைப் படியில் இடித்துக்கொண்டார், வெளியே போய் ஒரு டீ குடித்தார், திரும்பி வந்து பார்த்தார். நான்குதான். யாரோ ஒருவர், எங்கோ ஓர் இடத்தில், குறிப்பைப் படித்து, ஆம் என்று அழுத்தியிருக்கிறார். அந்த ஒரு வரியில் பெயர், ஊர் எதுவும் வராது. எத்தனை கருவிகளைக் கண்காணிக்கிறது என்ற எண் மட்டும் வரும். ஒன்று என்று இருந்தது. ஒரு கருவி. சின்ன இடமாக இருக்கும், ஆரம்பிக்கிறார்போல.

அந்த ஒரு வாரம் அவர் வேறு ஆளாக இருந்தார். மனைவியிடம் தினமும் நான்காவது ஆளைப் பற்றியே பேச்சு. ஒருநாள் அந்த ஆள் ஒரு நூலகத்தில் வேலை பார்த்தார், மறுநாள் ஒரு கப்பலில். மாலையில் இரண்டு பேரும் கடைத்தெரு வரை நடந்துபோய் வந்தார்கள். கல்யாணமான புதிதில் நடந்தது, அதற்குப்பிறகு இப்போதுதான். நம்பிக்கை வந்துவிட்டால் மனிதனுக்குக் காலும் வந்துவிடும்போல.

வாக்கெடுப்புக்கு ஐந்து நாள் இருந்தது. இன்னும் இருபத்தொரு பேர் வேண்டும். ஆனால் ஒருவர் இருந்தால் அவரைப் பிடித்து அவருக்குத் தெரிந்தவர்களைப் பிடிக்கலாம். பிங் சார் மடல் குழுவில் எழுதினார்: "சென்ற வாரம் ஆமைப் பதிப்பை ஏற்றியவர் யார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கட்டாயம் இல்லை. உதவி எது வேண்டுமானாலும் செய்கிறேன்."

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது பதில் வந்தது. கள்ளிச்செடியிடமிருந்து.

"அது நான்தான். வாக்கெடுப்புக்கு முன் உங்கள் பதிப்பு சரியாக ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நியாயம் என்று தோன்றியது. மிக அழகாக ஓடுகிறது. சோதனைக் கணினி என்பதால் நாளை அழித்துவிடுவேன். முன்பே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள்."

டப்பாவை மூடி வைத்தார். பசி போய்விட்டது. துக்கம்கூடக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது. முதலில் வந்தது அவமானம். ஒரு வாரமாகக் கப்பலிலும் நூலகத்திலும் வைத்துக் கொண்டாடிய ஆள், அவருடைய பதிப்பைச் சாகடிக்குமுன் நாடி பிடித்துப் பார்க்க வந்தவர்.

அப்புறம் அவர் செய்தது, பதினோரு வருஷத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய காரியம். அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேர் இறக்கிய பதிவேட்டை வரி வரியாகத் திறந்தார். ஊரில் உள்ள கம்பியையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் தன் வீட்டு வாசலைப் பார்க்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது.

நானூற்றுப் பன்னிரண்டும் வெளியிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் நடந்திருந்தன. அதற்கு முந்தைய பதிப்பைப் பார்த்தார், அதற்கும் முந்தையதைப் பார்த்தார். அதே முகவரிகள், அதே வரிசை, அதே இடைவெளி. உலகத்தில் பொதுவில் வைக்கும் மென்பொருளையெல்லாம் பிரதி எடுத்து அடுக்கிவைக்கும் கிடங்குக் கணினிகள் அவை. காலிப் பெட்டியை வைத்திருந்தாலும் நானூறு பிரதி எடுத்திருக்கும். மனிதன் இறக்கினால் பாதியில் அறுந்து மறுபடி எடுப்பான், தப்பான கோப்பை எடுத்துவிட்டுச் சரியானதைத் தேடுவான், இரண்டு நாள் மறந்துபோய் மூன்றாம் நாள் வருவான். இந்தப் பதிவேட்டில் ஒரு தடுமாற்றம்கூட இல்லை. ஏழு வருஷமாக இல்லை. அதற்கு முன்னால் அங்கங்கே சில தடுமாற்றங்கள் தெரிந்தன. கடைசித் தடுமாற்றம் அந்தக் கல்லூரி ஆய்வகக்காரருடையது. அவருடைய பழைய மடலைத் தேடி எடுத்தார். புகாருக்குக் கீழே, அன்று இவர் கண்ணில் படாத ஒரு வரி இருந்தது: "நாங்கள் அடுத்த மாதம் வேறு இயங்குதளத்துக்கு மாறுகிறோம், சிரமத்துக்கு நன்றி."

ஏழு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை அவர் மனசுக்குள் எண்ண ஆரம்பித்து, நூறைத் தாண்டியதும் நிறுத்திவிட்டார். மகள் ஸ்டூலில் குனிந்து எழுதியது ஞாபகம் வந்தது. அப்போது யாருக்காக அந்த மேசை என்று கேட்டிருந்தால் நானூறு பேருக்காக என்று சொல்லியிருப்பார்.

சாயங்காலம் மேலாளர் அறைக்குப் போனார். பம்பு அறைகளைக் கவனிக்கும் மென்பொருளை இனி ஆமையில் புதுப்பிக்க முடியாது, வேறு இயங்குதளத்துக்கு மாற்ற வேண்டும் என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனார். மேலாளர் அம்மாள் கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அதுக்கென்ன சார், மாத்திடுங்க. எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நாள் போதும் மேடம்."

"பண்ணிடுங்க. ஆமா, இதுவரைக்கும் ஏன் இதிலேயே வெச்சிருந்தீங்க?"

"பழகிடுச்சு மேடம்" என்றார்.

வாக்கெடுப்பில் கலந்துகொண்டவர்கள் ஏழு பேர். ஆறு பேர் ஆமையை எடுத்துவிடலாம் என்றார்கள், ஒவ்வொருவரும் பிங் சாரின் உழைப்பைப் பாராட்டி ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ஏழாவது ஓட்டு அவருடையது. எதிர்த்துப் போட்டிருக்கலாம், யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். அவரும் எடுத்துவிடலாம் என்றே போட்டார். எதிர்த்துப் போட, யாருக்காக என்று ஒரு காரணம் வேண்டுமே.

திட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பதிப்பை நிறுத்தும்போது அதன் பராமரிப்பாளரே பயனர்களுக்குக் கடைசி அறிவிப்பை எழுத வேண்டும்: எங்கே மாறுவது, எப்படி மாறுவது, எது எப்போது நின்றது என்று சேர்த்துவைத்த பழைய வரைபடங்கள் அழியாமல் எப்படிக் கொண்டுபோவது. யாரையும் நட்டாற்றில் விடக்கூடாது என்பதற்காக. பிங் சார் அதை ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினார். பதினான்கு படிகள். ஒவ்வொரு படியையும் ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்வதுபோல எழுதினார். மேசையின் மறுகோடியில் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு அனுப்பிவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார்.

"முடிஞ்சுதா?" என்றார் மனைவி.

"முடிஞ்சுது."

திடீரென்று அவர் நிமிர்ந்தார். மறுபடி திரையைத் திறந்தார். "தப்பு பண்ணிட்டேன். ஆறாவதும் ஏழாவதும் மாறிப்போச்சு. இப்படியே செஞ்சா பழைய வரைபடம் மொத்தமும் அழிஞ்சிடும். பதினோரு வருஷத்தோடது" என்று சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.

மனைவி கத்தியைக் கீழே வைத்தார். கேலி செய்ய அவருக்கு இப்போது மனசு வரவில்லை. "ஏங்க," என்றார் மெதுவாக, "அதைப் பார்த்துச் செய்யறதுக்கு யாருங்க இருக்காங்க?"

"நான் இருக்கேனே" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாளைக்கு ஆபீஸ்ல ரெண்டு மெஷினையும் நான்தான் மாத்தணும். அப்புறம் இது ஒண்ணு."

மனைவி மறுபடி கத்தியை எடுத்தார். பிங் சார் திருத்தத்தை எழுதி, தலைப்பில் "ஆமைப் பதிப்பைப் பயன்படுத்தும் அனைவருக்கும்" என்று போட்டு அனுப்பினார். பயனர் பட்டியலில் அவரும் ஒருவர் என்பதால், மேசையில் இருந்த அவருடைய கைபேசியே ஒருமுறை அதிர்ந்தது. எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் படியிலிருந்து பதினான்காம் படிவரை படித்தார். இந்த முறை எல்லாம் சரியாக இருந்தது.